தண்ணீர் வராத வயலும் ஓடாத கம்ப்யூட்டரும்

எங்கள் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாரும் வயலுக்குள் இறங்கித் தோண்டமாட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார்கள். ஆற்றில் முறை விட்டிருக்கிறதா, மதகு திறந்திருக்கிறதா, நடுவில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். மன்னார்குடி பக்கம் பல வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் நான், வேலை பழக வரும் தம்பி தங்கைகளுக்கு முதல் நாள் சொல்வது இதைத்தான். சுவர் பிளக்கில் புறப்படும் மின்சாரம் யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் ஏசி கரண்டை டிசியாக்கித் தரும் பெட்டி), போர்டு (மதர்போர்டு), பிராசஸர், ரேம் என்று ஓடி, கடைசியில் மானிட்டரில் படமாகிறது. மானிட்டர்தான் கடைமடை, வாய்க்காலின் கடைசி வயல். அங்கே படம் இல்லை என்பதற்காக அங்கேயே தோண்டாதீர்கள். கரையோடு நடங்கள்.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள். "கடைசியா எப்ப ஓடுச்சு? அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? இடி இடிச்சுதா? இடம் மாத்துனீங்களா? வேற யாராவது கழட்டினாங்களா?" இந்தக் கேள்விகளிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரேமையும் மாற்றி எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றி மிஷின் ஓடிவிட்டால், எது கெட்டது என்று உங்களுக்கே தெரியாது. கஸ்டமரிடம் எதற்குக் காசு கேட்பீர்கள்?

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், வெள்ளைப் பென்சில் ரப்பர், மொபைல் கடைகளில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவம் ஒரு பாட்டில், போர்டில் செருகும் சின்ன பீப் ஸ்பீக்கர். நன்றாக ஓடும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு எஸ்எம்பிஎஸ், டிடிஆர்3, டிடிஆர்4 ரேம் ஒவ்வொன்று. இவ்வளவு போதும்.

"பட்டனை அழுத்துனா ஒண்ணுமே இல்லை தம்பி"

லைட் இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. நேராக சுவருக்குப் போங்கள். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்து பிளக்கை அளங்கள். 230-க்குப் பக்கத்தில் வர வேண்டும். பிறகு யூபிஎஸ் பின்பக்க சாக்கெட், அதற்குப் பிறகு பவர் கேபிளின் முனை. கேபிள் உள்ளே அறுந்து வெளியே நன்றாகத் தெரிவது உண்டு. அறுவடை முடிந்த வயலிலிருந்து எலிகள் வீட்டுக்குள் வரும் மாதங்களில் மேஜைக்குக் கீழே குனிந்து பாருங்கள். கடித்துப்போட்ட கேபிள் துணுக்குகளே காரணத்தைச் சொல்லும்.

எஸ்எம்பிஎஸ் பின்பக்கம் உள்ள சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். துடைக்கும்போது யாரோ அதை 115 பக்கம் தள்ளிவிட்டு ஆன் செய்தால், அந்த நிமிடமே எஸ்எம்பிஎஸ் வெடிச்சத்தத்தோடு போய்விடும்.

இதற்கு அடுத்த இடத்தில்தான் புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவார்கள். நிதானமாகச் செய்யுங்கள். போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் பின்பக்கத்திலும், சிவப்பு முனையை ஊதா ஒயரின் பின்பக்கத்திலும் நுழையுங்கள். மிஷின் ஆஃப் ஆகியிருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் ஊதாவில் 5 வோல்ட் வந்தே ஆக வேண்டும். அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். அது இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, அல்லது போர்டில் ஷார்ட். 24 பின்னைக் கழற்றி மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஊதாவில் 5 வருகிறதா? சிவப்பு முனையைப் பச்சை ஒயருக்கு மாற்றுங்கள். அங்கே 3 முதல் 5 வோல்ட் வரை காட்டும். இப்போது ஒருவரைப் பவர் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். பச்சை பூஜ்யத்துக்கு இறங்கினால் போர்டு "ஆன் ஆகு" என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லிவிட்டது என்று அர்த்தம். சொல்லியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் குறை எஸ்எம்பிஎஸ்ஸில். இறங்கி உடனே ஏறிவிட்டால் எங்கோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பச்சை அசையவே இல்லையென்றால் பட்டனோ போர்டோ. போர்டில் பவர் சுவிட்ச் ஒயர் செருகும் இரண்டு பின்களைக் கண்டுபிடித்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஓடினால் பட்டன்தான் துருப்பிடித்திருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கத்துக் கடைகளில் உப்புக்காற்று செய்யும் வேலை இது.

ஷார்ட் என்று சந்தேகம் வந்தால் முன்பக்க யூஎஸ்பி ஒயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே வளைந்துபோன ஒரு தகடு முழு மிஷினையும் எழும்பவிடாமல் செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகக் குறைத்து, போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம் என்ற நிலைக்கு வர வேண்டும்.

ஓடுகிற எஸ்எம்பிஎஸ் நல்லதா என்பதற்கும் அளவு உண்டு. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. இதற்கு வெளியே போனால் மாற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் பழகும் காலத்தில் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

"ஃபேன் சுத்துது, படம் வரலை"

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் என் மேஜைக்கு வரும் மிஷின்களில் அதிகமானவை இந்த ரகம். முதலில் கீபோர்டில் நம் லாக்கை அழுத்துங்கள். லைட் மாறி மாறி எரிந்தால் மிஷின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. மானிட்டர், கேபிள், போர்ட் இந்த மூன்றில் தேடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மிஷினில் கேபிளைப் போர்டில் உள்ள போர்ட்டில் செருகிவிட்டு, "படம் இல்லை" என்று தூக்கி வருகிறவர்கள் உண்டு. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸே கிடையாது, கார்டு கட்டாயம் வேண்டும்.

நம் லாக் அசையவில்லையா? பிராசஸருக்குப் பக்கத்தில் தனியாகச் செருகும் 4 அல்லது 8 பின் மஞ்சள்–கறுப்பு கனெக்டரைப் பாருங்கள். அது இல்லாமலும் ஃபேன்கள் அழகாகச் சுற்றும், பிராசஸருக்கு மட்டும் கரண்ட் போகாது.

அடுத்தது ரேம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்கநிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ரேமில் பல் ஒவ்வொன்றும் பளிச்சென்று இருக்கும். ஈரம் பட்டதில் மங்கலான பழுப்புப் படலம் தெரியும். சிலசமயம் யாரோ பிடித்த கைரேகைகூட அப்படியே பதிந்திருக்கும். பென்சில் ரப்பரால் ஒரே திசையில், மெதுவாக, இரண்டு பக்கமும் தேயுங்கள். ரப்பர் துகளை பிரஷ்ஷால் முழுக்கத் தட்டிவிட வேண்டும். ஒரு துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுக் கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும். உப்புத்தாள் வேண்டாம், தங்கப்பூச்சு போய்விடும். ஸ்லாட்டை ஐபிஏ தொட்ட பிரஷ்ஷால் வருடி, காயவிட்டுத் திரும்பச் செருகுங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் ஒரு சோதனை. எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, பீப் ஸ்பீக்கரை மாட்டி ஆன் செய்யுங்கள். "ரேம் இல்லை" என்று போர்டு கத்தினால் நல்ல செய்தி. கத்துவதற்குப் பிராசஸர் உயிரோடு இருக்க வேண்டும், பயாஸும் (மிஷினை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த புரோகிராம்) உயிரோடு இருக்க வேண்டும். இனி தேட வேண்டியது ரேம், ஸ்லாட், கிராபிக்ஸ் மட்டும். ரேம் இல்லாமலும் மௌனமாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்துவிட்டு போர்டைச் சந்தேகப்படுங்கள். பிராசஸரைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, பொரி மாதிரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எழுதிக்கொண்டு அந்தப் போர்டின் கையேட்டோடு ஒப்பிடுங்கள், மனப்பாடத்தை நம்பாதீர்கள்.

"தானா ஆஃப் ஆகித் தானா ஆன் ஆகுது"

எப்போது ஆகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஆன் செய்து பத்து இருபது நிமிடத்தில் ஆஃப் ஆகி, உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரம் ஆஃப் ஆனால் சூடு. பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். வேலையே செய்யாமல் பிராசஸர் 80, 85 டிகிரி என்று ஏறிக்கொண்டே போனால் சந்தேகமில்லை. ரைஸ்மில் பக்கத்து மிஷின்களில் தவிட்டுத் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு ஹீட்சிங்க் (பிராசஸர் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) மேல் கம்பளம் மாதிரி படிந்திருக்கும், ப்ளோயருக்கு அசையாது. ஹீட்சிங்கைக் கழற்றித்தான் பிரஷ் போட வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ஏஎம்டி பிராசஸர் என்றால் நேராக மேலே இழுக்காதீர்கள். பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்து வந்து பின்கள் வளையும். மிஷினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, ஹீட்சிங்கை இடவலமாக லேசாகத் திருகிவிட்டு எடுங்கள். புதுப் பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும்.

பிரின்ட் கொடுத்தால் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? இதை நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெராக்ஸ் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் இது சர்வசாதாரணம். லேசர் பிரின்டர் தாளைச் சூடாக்கும்போது பல நூறு வாட் இழுக்கும். 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். இரண்டையும் அதே யூபிஎஸ்ஸில் செருகினால், பிரின்டர் மூச்சு இழுக்கும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் மூச்சு நின்றுவிடும். ஒரு கடையில் இதற்காக இரண்டு எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பணம் வாங்கியிருந்தார்கள். நான் பிரின்டர் பிளக்கைப் பிடுங்கி நேராகச் சுவரில் செருகினேன், வேறொன்றும் செய்யவில்லை. லேசர் பிரின்டர் யூபிஎஸ்ஸுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

சாயங்காலத்தில் மட்டும் ஆகிறதென்றால் அந்த நேரத்துக்கே போய்ச் சுவர் வோல்டேஜை அளங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவைக்குப் போர்செட்தான் துணை. ஒரே டிரான்ஸ்பார்மரில் பல மோட்டார் ஓடும்போது ஊரே மங்கும். யூபிஎஸ் அடிக்கடி பேட்டரிக்கு மாறி மாறி, அதன் 12 வோல்ட் பேட்டரி களைத்துப்போயிருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அந்தப் பேட்டரியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

"தொட்டா ஷாக் அடிக்குது"

இதை யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேபினெட்டில் புறங்கை பட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால், பலர் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட்டு மாற்றிவிடுவார்கள். புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே சுர்ர் வரும். காரணம், ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸிலும் மின்சார இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சின்ன கப்பாசிட்டர் இருக்கிறது. எர்த் ஒயர் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டில் தங்கி, கேபினெட் பாதி வோல்டேஜில் மிதக்கும். மீட்டரில் கேபினெட்டுக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவில் அளந்தால் 110, 115 என்று காட்டும்.

சுவர் சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் குறைந்து ஆடினால் எர்த் ஒயர் சாக்கெட்டோடு நிற்கிறது அல்லது எர்த் குழி காய்ந்துவிட்டது. சித்திரையில் நம் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழியும் வறண்டுவிடும். உப்பும் கரியும் போட்டு நிரப்பிய குழிக்கு அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். வயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்தக் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் ஏறும். அதைத் தொடுவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

"தேதி தப்பா காட்டுது, சைட் எதுவும் திறக்கலை"

போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி. புதிதில் 3 வோல்ட், 2.7-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். தேதி பல வருடம் பின்னால் போனால் சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு திறக்க மறுக்கும். பேட்டரி மாற்றுவதற்கு முன் பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூட் மோடோ (எழும்பும் முறை) சாட்டா மோடோ (டிஸ்க் இணைப்பு முறை) மாறிவிட்டால் விண்டோஸ் எழும்பாது, அரை நாள் அலைய வேண்டியிருக்கும்.

"ரொம்ப ஸ்லோ, உள்ள டிக் டிக்னு சத்தம்"

நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் மிஷினைக் கொண்டுவந்தார். முதல் நாள் நடந்த கல்யாணத்தின் படங்கள் அதில் இருந்தன. ஸ்லோவாக இருக்கிறதே என்று நான் உடனே செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு) கொடுத்தேன். இரவு முழுவதும் அது ஓடியது. காலையில் டிஸ்க் எழும்பவே இல்லை. அந்தக் கல்யாண வீட்டாரின் படங்கள் திரும்பி வரவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்கை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டது நான்தான்.

ஆகவே இந்த அறிகுறிக்கு வரிசையே வேறு. டிக் டிக் சத்தம் கேட்டால் உடனே ஆஃப். கஸ்டமரிடம் "உள்ள இருக்கிறது முக்கியமா?" என்று கேளுங்கள். முக்கியம் என்றால், சத்தம் வரும் டிஸ்கை டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் அனுப்புவதுதான் நேர்மை. சத்தம் இல்லாமல் ஸ்லோ மட்டும் என்றால் வேறு மிஷினில் மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமில் ஸ்மார்ட் பட்டியலை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பது) பாருங்கள். 05 என்ற வரியும் சி5 என்ற வரியும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள், சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். இவை ஏறியிருந்தால் முதல் வேலை காப்பி எடுப்பது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற காப்பி எடுக்கும் புரோகிராம் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சி7 (கேபிள் வழியில் பிழையாக வந்த தகவல்களின் கணக்கு) மட்டும் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். மாற்றுங்கள், அதோடு எண் ஏறுவது நிற்கும். எல்லாம் பூஜ்யமாக இருந்து மிஷின் மட்டும் ஆமையாக நகர்ந்தால், ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) போட்டு விண்டோஸை அதற்கு மாற்றிக் கொடுங்கள். பழைய மிஷினுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

"இடி இடிச்சதுலேர்ந்து நெட் வரலை"

லேன் போர்ட்டில் லைட் எரிகிறதா? இல்லையென்றால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். மாடி வழியாக நீளமாக இழுத்த கேபிள் மின்னலுக்குத் தூண்டில் மாதிரி. போர்டின் லேன் போர்ட் மட்டும் கருகியிருந்தால் ஒரு லேன் கார்டு போட்டால் போதும், போர்டு மாற்ற வேண்டியதில்லை. கேபிள் முனையில் ஜாக் வைத்து அழுத்தும்போது (கிரிம்ப்) ஒயர்களின் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.

"மழைத்தண்ணி உள்ள போயிடுச்சு"

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது கூரை பறந்த கடைகளில் கம்ப்யூட்டர்கள் இரவெல்லாம் நனைந்தன. அந்த நாட்களில் கற்றுக்கொண்டது இது. நனைந்த மிஷினை "ஓடுதான்னு பாக்கலாம்" என்று ஆன் செய்யவே கூடாது. தண்ணீர் தானாகப் போர்டைக் கொல்வதைவிட, தண்ணீரோடு சேர்ந்த கரண்ட் கொல்வதுதான் அதிகம். பிளக்கைப் பிடுங்கியதும் பட்டன் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள், அந்த 3 வோல்ட்டே ஈரத்தில் தடங்களை அரிக்கப் போதும். சேறும் உப்பும் பட்டிருந்தால் காயவைப்பதற்கு முன் கழுவ வேண்டும். பிராசஸர், ரேம் எல்லாவற்றையும் கழற்றி, போர்டை டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, மேலே ஐபிஏ ஊற்றி, ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் நிறுத்திவையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுப்பொடி ஸ்லாட்டுகளில் ஏறும், உப்போ அப்படியே இருக்கும். நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் காயவைத்துப் போடாமல் புதிது மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்கில் மூச்சுவிடும் சின்னத் துளை ஒன்று உண்டு. டிஸ்க் தண்ணீரில் மூழ்கியிருந்தால் அதன் வழியாகச் சேறு உள்ளே போயிருக்கும், எனவே கரண்ட் கொடுக்காமல் அப்படியே ரெக்கவரிக்கு அனுப்பிவிடுங்கள்.